பெரிசாக்காதீங்க, எண்ணிக்கையைக் கூட்டுங்க: படத்தால் பாடம் சொல்லக் கற்றுத்தந்த ஓட்டோ நொய்ராத்

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒரு நகரத்தில் போன வருஷம் 1,000 வீடுகள் கட்டினார்கள். இந்த வருஷம் 2,000. இதைப் படமாகப் போடச் சொன்னால் என்ன செய்வீர்கள்?

பெரும்பாலானவர்கள் ஒரு சின்ன வீட்டை வரைந்து, பக்கத்திலேயே அதைப்போல் இரண்டு மடங்கு உயரத்தில் இன்னொரு வீட்டை வரைவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனா கணக்கு தப்பு. உயரத்தை இரண்டு மடங்காக்கினால் அகலமும் கூடவே இரண்டு மடங்காகிவிடும். அப்போ இரண்டாவது வீடு திரையில் பிடிக்கும் இடம் நான்கு மடங்கு. 3டி-யில் வரைந்திருந்தால் கன அளவு எட்டு மடங்கு. எண் ஒன்று சொல்லும், கண் வேறொன்று பார்க்கும்.

டிஜிட்டல் டெஸ்க்கில் சேர்ந்த புதிதில் நானே இப்படி ஒரு கார்டு போட்டிருக்கிறேன். வாசகர் ஒருவர் ஸ்கேல் வைத்து அளந்து மெயில் அனுப்பியபோதுதான் என்ன தப்பு செய்தேன் என்று புரிந்தது. சங்கடம் என்னவென்றால், இந்தத் தப்புக்குக் கிட்டத்தட்ட 100 வருஷங்களுக்கு முன்பே ஒருவர் தீர்வு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பெரிய வீடு வேண்டாம், ஒரே அளவு வீட்டை இரண்டு முறை போட்டால் போதும் என்பதுதான் அந்தத் தீர்வு.

அவர் பெயர் ஓட்டோ நொய்ராத். ஆஸ்திரியாக்காரர். பொருளாதாரம் படித்தவர், தத்துவம் எழுதியவர், அருங்காட்சியகம் நடத்தியவர், சிறைக்குப் போனவர், இரண்டு முறை நாட்டைவிட்டுத் தப்பி ஓடியவர். பாடப்புத்தகத்திலும் செய்தி கார்டிலும் இன்று நாம் பார்க்கும் ‘ஒரு மனித உருவம் = இத்தனை பேர்’ வகைப் படங்களுக்கு முறையான இலக்கணம் வகுத்தவர் இவர்தான்.

அப்பாவின் நூலகம், எகிப்தியச் சுவர்கள்

நொய்ராத் பிறந்தது 1882 டிசம்பர் 10, வியன்னாவில். அப்பா வில்ஹெல்ம் நொய்ராத் பொருளாதாரப் பேராசிரியர். வீடு முழுக்கப் புத்தகம். எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கு முன்பே அந்தப் புத்தகங்களில் இருந்த படங்களைப் புரட்டிப் பார்த்து வளர்ந்த பையன் இவர்.

வியன்னாவின் அருங்காட்சியகத்தில் இருந்த எகிப்திய ஓவியங்கள் சின்ன வயதிலேயே அவரை இழுத்துவிட்டன. அந்த ஓவியங்களில் தூரம், ஆழம், நிழல் எதுவும் கிடையாது. வரிசையாக மனிதர்கள், வரிசையாக மாடுகள். யார் என்ன செய்கிறார் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில், தன் வேலையின் தொடக்கத்தை அந்த ஓவியங்களில்தான் தேடுகிறார்.

வியன்னாவிலும் பெர்லினிலும் படித்தார். பண்டைய உலகின் பொருளாதாரம் பற்றி ஆய்வு செய்து 1906-ல் பெர்லினில் முனைவர் பட்டம் பெற்றார். 1907-ல் அன்னா ஷாபிரே என்ற எழுத்தாளரைத் திருமணம் செய்துகொண்டார். 1911-ல் மகன் பால் பிறந்ததைத் தொடர்ந்து அன்னா இறந்துபோனார்.

அடுத்த ஆண்டு அவர் மணந்தது ஓல்கா ஹான் என்ற கணித அறிஞரை. ஓல்காவுக்கு 22 வயதிலேயே பார்வை போய்விட்டது. நண்பர்கள் பாடங்களைப் படித்துக்காட்ட, படிப்பை முடித்து தர்க்கவியலில் ஆய்வு செய்தவர் அவர். பின்னாளில் உலகத்துக்கே படமொழி செய்யப்போகிறவர், தான் செய்த படங்களைப் பார்க்கவே முடியாத ஒருவருடன் 25 வருஷம் வாழ்ந்தார்.

போர், புரட்சி, சிறை

போர் நடக்கும்போது ஒரு நாட்டின் பொருளாதாரம் எப்படி இயங்குகிறது? இதுதான் இளம் நொய்ராத்தின் ஆராய்ச்சி. பால்கன் போர்களின்போது அங்கேயே போய்ப் பார்த்தார். முதல் உலகப் போரின்போது ஆஸ்திரியப் போர் அமைச்சகத்தில் வேலை செய்தார். 1918-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் போர்ப் பொருளாதார அருங்காட்சியகத்தின் இயக்குநரானார். எண்களைப் பொதுமக்களுக்குக் காட்சியாக வைக்கும் வேலையில் அவர் இறங்கியது அங்கேதான்.

போர் முடிந்ததும் ஜெர்மனி கொந்தளித்தது. 1919-ல் பவேரியாவில் மத்தியத் திட்ட அலுவலகத்தின் தலைவராக நொய்ராத் நியமிக்கப்பட்டார். சில வாரங்களிலேயே அங்கே சோவியத் குடியரசு அறிவிக்கப்பட்டது. அவர் பதவியில் தொடர்ந்தார். மே மாதத்துக்குள் ராணுவம் வந்து எல்லாவற்றையும் முடித்துவைத்தது. நொய்ராத் கைதானார். சமூகவியல் மேதை மாக்ஸ் வெபர் நீதிமன்றத்தில் அவருக்காகச் சாட்சி சொன்னார். அப்படியும் ஒன்றரை ஆண்டு தண்டனை. ஆஸ்திரிய அரசு தலையிட்டதால் விடுவிக்கப்பட்டு வியன்னா திரும்பினார். ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆசிரியர் பணி மட்டும் போயே போய்விட்டது.

வேலை இல்லாத பேராசிரியர், வீடு இல்லாத நகரம். அடுத்த கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கூரை தேடிய நகரத்தில் ஒரு அருங்காட்சியகம்

போருக்குப் பிந்தைய வியன்னாவில் பசி, காசநோய், வீட்டுப் பஞ்சம். ஊர் எல்லையில் காலி நிலத்தில் மக்களே குடிசை போட்டுக் காய்கறி பயிரிட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைச் சங்கமாக ஒருங்கிணைக்கும் வேலையை நொய்ராத் எடுத்துக்கொண்டார். எப்படி வீடு கட்டுவது, ஏன் கூட்டாகக் கட்ட வேண்டும் என்பதை விளக்கக் கண்காட்சிகள் வைத்தார். அதுவே ஒரு சிறு அருங்காட்சியகமாக வளர்ந்தது.

அப்போது வியன்னா நகராட்சி சமூக ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தது. 1923 முதல் 1934 வரை நகராட்சி 60,000-க்கும் அதிகமான வாடகைக் குடியிருப்புகளைக் கட்டியது. வரிப்பணம் எங்கே போகிறது, குழந்தை இறப்பு குறைகிறதா, வாடகை எவ்வளவு, உலகத்தின் மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் நாம் எங்கே நிற்கிறோம்? ஓட்டுப் போடும் தொழிலாளிக்கு இதெல்லாம் தெரிய வேண்டாமா?

அரசு அறிக்கைகளில் எண்கள் எல்லாம் இருந்தன. ஆனா நாள் முழுக்க ஃபேக்டரியில் நின்றுவிட்டு வருகிறவர் அட்டவணையை உட்கார்ந்து படிக்க மாட்டார். எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கே பத்துப் பக்க அட்டவணை என்றால் தூக்கம் வரும். 1925-ல் நகராட்சியின் உதவியோடு சமூக, பொருளாதார அருங்காட்சியகத்தை நொய்ராத் தொடங்கினார். வேலை முடிந்து வருபவர்களுக்காக மாலையிலும் திறந்திருந்தது. நகராட்சி மாளிகையின் பெரிய கூடத்திலும் படங்கள் மாட்டப்பட்டன. கண்ணாடிப் பெட்டிக்குள் பழைய பொருள்கள் கிடையாது. சுவர் முழுக்கப் படங்கள், படங்கள் முழுக்க எண்கள். எண்கள் மட்டும் எண்களாக எழுதப்பட்டிருக்காது.

படம் போடுவது ஒருவர் வேலை இல்லை

ஒரு படம் எப்படி உருவாகும்? முதலில் பொருளாதாரம், மருத்துவம், வரலாறு தெரிந்த நிபுணர்கள் தகவலைத் தருவார்கள். கடைசியில் ஓவியர் வரைவார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒருவர் வேண்டும் என்று நொய்ராத்தின் குழு கண்டுபிடித்ததுதான் பெரிய விஷயம்.

அந்த நடு ஆளுக்கு ‘உருமாற்றுநர்’ என்று பெயர் வைத்தார்கள். குவியலாகக் கிடக்கும் தகவலில் எது முக்கியம், எதை விடலாம், எதை எதோடு ஒப்பிட்டால் விஷயம் விளங்கும், எந்த வரிசையில் அடுக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அவர் வேலை. நிபுணரிடம் கேள்வி கேட்பார், ஓவியருக்குப் பென்சிலில் மாதிரி போட்டுக் கொடுப்பார். பொதுமக்களின் பிரதிநிதியாக அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

இந்த வேலையின் உயிர் மரீ ரைடமைஸ்டர். 1898-ல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் பிறந்தவர். 1924-ல் வியன்னா வந்தபோது நொய்ராத்தின் படங்களைப் பார்த்தார். அடுத்த ஆண்டே குழுவில் சேர்ந்துவிட்டார். நொய்ராத் பேசுவார், திட்டம் போடுவார், பணம் திரட்டுவார். தாளில் அது படமாக அமைவதற்கு மரீ தேவைப்பட்டார்.

ஓவியர் இடத்துக்கு வந்தவர் கெர்ட் ஆர்ன்ட்ஸ். 1900-ல் பிறந்த ஜெர்மானியர். தொடக்கத்தில் வண்ணத்தாளைக் கத்தரித்து ஒட்டித்தான் படம் செய்துகொண்டிருந்தார்கள். ஆர்ன்ட்ஸ் வந்த பிறகு குறிகளை லினோலியத்தில் செதுக்கி அச்சிடும் முறை வந்தது. கோடுகள் கூர்மையாயின, ஒரே குறியை எத்தனை முறை வேண்டுமானாலும் மாறாமல் அச்சிட முடிந்தது. வாழ்நாளில் சுமார் 4,000 குறிகளை அவர் செய்ததாகக் கணக்கு.

வேலையில்லாதவரை எப்படி வரைவீர்கள்? யோசித்துப் பாருங்கள், கஷ்டம். கையில் கருவி இருந்தால் தொழிலாளி என்று தெரியும். கருவி இல்லாவிட்டால் யாரோ ஒரு மனிதர், அவ்வளவுதான். ஆர்ன்ட்ஸ் இரண்டு கைகளையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு நிற்கும் ஒரு உருவத்தைச் செதுக்கினார். முகம் கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. பார்த்ததும் புரிந்தது. அதைப் பத்து முறை, இருபது முறை வரிசையாக அச்சிட்டால் 1930-களின் ஐரோப்பா கண்முன் நிற்கும்.

அந்த விதிகள் என்ன?

இந்தக் குழு வகுத்த விதிகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். ஆசிரியராக இருந்தாலும் சரி, ஆபீஸில் ஸ்லைடு போடுபவராக இருந்தாலும் சரி, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

1. ஒரு குறிக்கு ஒரே அளவு. அதிகம் என்று காட்ட வேண்டுமா? குறியைப் பெரிசாக்காதீர்கள், திரும்பத் திரும்பப் போடுங்கள். எண்ணிப் பார்க்க முடிய வேண்டும்.

2. ஒரு குறிக்கு ஒரே பொருள். முதல் படத்தில் சிவப்பு ஆள் ஃபேக்டரித் தொழிலாளி என்றால் பத்தாவது படத்திலும் அப்படித்தான். வண்ணம் அழகுக்காக வரக்கூடாது, அர்த்தத்தோடு வர வேண்டும். வண்ணங்களின் எண்ணிக்கையும் குறைவாக இருக்க வேண்டும்.

3. ஆழம், நிழல், 3டி கூடாது. பின்னால் நிற்பவர் சின்னதாகத் தெரிந்தால் ஒப்பீடு கெட்டுவிடும். சின்ன வயதில் பார்த்த எகிப்தியச் சுவர்கள் இங்கே வந்து நிற்கின்றன.

4. குறிகளைப் பக்கவாட்டில் வரிசையாக அடுக்குங்கள். காலத்தை மேலிருந்து கீழே கொண்டுபோங்கள். பெரும்பாலான படங்களில் அவர்கள் பின்பற்றிய அமைப்பு இது. ஒவ்வொரு வரிசையும் ஒரு ஆண்டு, வரிசையின் நீளம் அளவு.

5. தேவையில்லாத விவரத்தை வெட்டுங்கள். சட்டைப் பொத்தானால் எந்தத் தகவலும் கிடைக்காது என்றால் பொத்தான் வேண்டாம்.

6. மூன்று பார்வை. முதல் பார்வையில் முக்கியமான விஷயம் தெரிய வேண்டும், இரண்டாவதில் அடுத்த விஷயம், மூன்றாவதில் நுணுக்கங்கள். நான்காவது பார்வையிலும் புதிதாக ஏதாவது தட்டுப்பட்டால் படத்தில் சரக்கு அதிகம் என்று அர்த்தம்.

7. முழு எண்ணாக்குங்கள். 18,73,462 என்ற எண்ணைப் படித்து மறப்பதைவிட, 19 குறிகளைப் பார்த்து ஞாபகம் வைத்துக்கொள்வது மேல் என்பது நொய்ராத்தின் கணக்கு.

8. எழுத்தை விரட்டாதீர்கள். படமொழி ஒரு துணைமொழி. தலைப்பும் குறி விளக்கமும் கட்டாயம் வேண்டும். படத்தால் சொல்ல முடியாததைச் சொல்ல வார்த்தைகள்தான் வர வேண்டும்.

ஒரு படத்தைப் பிரித்துப் பார்ப்போம்

இங்கிலாந்தில் நெசவுத் தொழில் வீட்டிலிருந்து ஃபேக்டரிக்குப் போன கதையை அவர்கள் ஒரே பக்கத்தில் காட்டிய படம் மிகவும் புகழ்பெற்றது. மேலே 1820, கீழே 1880. ஒரு கறுப்பு ஆள் என்றால் வீட்டில் தறி ஓட்டும் 10,000 பேர். ஒரு சிவப்பு ஆள் என்றால் ஃபேக்டரியில் வேலை செய்யும் 10,000 பேர். நீலக் குறிகள் உற்பத்தியான அளவு.

மேலிருந்து கீழே கண்ணை ஓட்டுங்கள். கறுப்பு ஆட்கள் தேய்ந்துகொண்டே போகிறார்கள். சிவப்பு ஆட்கள் பெருகுகிறார்கள். நீலம் அதைவிட வேகமாக நீள்கிறது. முதல் பார்வைக்கு இவ்வளவு போதும். இரண்டாவது பார்வையில், ஆட்கள் கூடியதைவிட உற்பத்தி பல மடங்கு கூடியிருக்கிறதே என்று தெரியும். மூன்றாவது பார்வையில் கேள்வி வரும். அந்தக் கறுப்பு ஆட்கள் எல்லாம் எங்கே போனார்கள்? அவர்கள் பிள்ளைகள்தான் சிவப்பு ஆட்களா? உற்பத்தியான துணியை யார் வாங்கினார்கள்?

இந்தக் கேள்விகளுக்குப் படத்தில் பதில் இருக்காது. அது தெரிந்தே செய்ததுதான். படம் பாடத்தை முடித்து வைக்கக் கூடாது, வகுப்பில் பேச்சை ஆரம்பித்து வைக்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். இதே வரலாற்றை ஒரு பாடப்புத்தகப் பத்தியாகப் படித்துவிட்டு எத்தனை பேர் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்போம்?

1930-ல் லைப்சிக்கில் 100 படத்தாள்கள் கொண்ட சமூக, பொருளாதார அட்லஸ் வெளியானது. வியன்னா பள்ளிகளுக்குள்ளும் இந்த முறை போனது. அது முதலில் ‘வியன்னா முறை’ என்றே அழைக்கப்பட்டது. இன்று உலகம் அறிந்த ‘ஐசோடைப்’ என்ற பெயர் 1935-ல் வந்தது. பெயர் சூட்டியவர் மரீ.

மாஸ்கோ: படம் பொய் சொன்னால்?

கதையின் சங்கடமான பகுதி இது. புகழ் பரவியதும் சோவியத் ஒன்றியத்திலிருந்து அழைப்பு வந்தது. 1931-ல் மாஸ்கோவில் ‘இஸோஸ்டாட்’ என்ற படப் புள்ளிவிவர நிறுவனம் தொடங்கப்பட்டது. நொய்ராத்தின் குழு மாறி மாறிப் போய்ப் பயிற்சி கொடுத்தது. ஐந்தாண்டுத் திட்டத்தின் சாதனைகளைச் சொல்லும் படங்கள் அங்கே குவிந்தன. உருக்கு, மின்சாரம், டிராக்டர் எல்லாம் வரிசை வரிசையாக நீண்டன.

அதே ஆண்டுகளில், 1932-33-ல், உக்ரைனிலும் கஜகஸ்தானிலும் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் படம் இல்லை. விதிகளை அட்சரம் பிசகாமல் பின்பற்றிய படத்தாலும் உண்மையை மறைக்க முடியும் என்பதற்கு இதைவிடக் கசப்பான உதாரணம் தேவையில்லை. எண்ணை யார் கொடுத்தார், எந்த எண் கொடுக்கப்படவே இல்லை என்ற கேள்விக்கு லினோலியத்தில் குறி செதுக்க முடியாது. உருமாற்றுநர் பொதுமக்களின் பிரதிநிதி என்றால், அரசே படம் கேட்டு அரசே எண் தரும் இடத்தில் அவர் யாருடைய பிரதிநிதி?

நொய்ராத் மாஸ்கோவில் இருந்தபோதுதான், 1934 பிப்ரவரியில், ஆஸ்திரியாவில் உள்நாட்டுச் சண்டை வெடித்தது. சமூக ஜனநாயகக் கட்சி தடை செய்யப்பட்டது. அருங்காட்சியகத்துக்குப் போலீஸ் வந்தது. மரீ மாஸ்கோவுக்கு ஒரு தந்தி அடித்தார். பிராகாவில் இருந்த தத்துவ நண்பர் கார்னாப் அவருக்காகக் காத்திருப்பதாக அதில் செய்தி. முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட சங்கேதம் அது. வியன்னா வராதே, பிராகாவுக்குப் போ என்று பொருள். நொய்ராத் அதன் பிறகு வியன்னாவில் வாழவே இல்லை.

நடுக்கடலில் ஒரு படகு

நல்லவேளையாக, நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் ஒரு கிளை நிறுவனத்தை முன்பே பதிவு செய்து வைத்திருந்தார். மரீ, ஆர்ன்ட்ஸ், ஓல்கா எல்லோரும் அங்கே வந்து சேர்ந்தார்கள். பணத் தட்டுப்பாடு இருந்தாலும் வேலை நடந்தது. 1936-ல் படமொழியின் விதிகளை விளக்கும் நூல் லண்டனில் வெளியானது. அமெரிக்காவில் காசநோய் விழிப்புணர்வுக்காகப் படங்கள் செய்து கொடுத்தார்கள். 1939-ல் நவீன மனிதனின் உருவாக்கம் பற்றிய நூல் நியூயார்க்கில் வந்தது. இதற்கு நடுவே, 1937-ல், ஓல்கா தி ஹேக்கில் இறந்துபோனார்.

தத்துவம் படித்தவர்களுக்கு நொய்ராத் என்றாலே ஒரு படகு ஞாபகம் வரும். வியன்னா வட்டம் என்ற தத்துவக் குழுவின் முக்கியப் புள்ளிகளில் ஒருவர் அவர். நம் அறிவு எப்படி வளர்கிறது என்பதற்கு அவர் சொன்ன உவமை இது. நடுக்கடலில் மிதந்துகொண்டே கப்பலைப் பழுது பார்க்க வேண்டிய மாலுமிகள் நாம். கரைக்கு இழுத்துப் போய் முழுசாகப் பிரித்துப் புதிதாகக் கட்டும் வசதி நமக்குக் கிடையாது. ஒரு பலகையை மாற்றும்போது மற்றப் பலகைகள்மேல்தான் நின்றாக வேண்டும்.

1940 மே 14-ல் அந்த உவமை நிஜமாகவே கடலுக்குப் போனது. ஜெர்மன் விமானங்கள் ராட்டர்டாம் நகரைக் குண்டு வீசி எரித்த நாள். அன்று மாலை நொய்ராத்தும் மரீயும் ஸ்கெவெனிங்கன் துறைமுகத்துக்கு ஓடினார்கள். மாணவர்கள் சிலர் கிளப்பிய ஓர் உயிர்காப்புப் படகு கிளம்பத் தயாராக இருந்தது. கொள்ளளவுக்கு மேல் ஆட்கள். இருவரும் ஏறிக்கொண்டார்கள். சிந்தனைக்குப் படகை உவமை சொன்னவர் 57 வயதில் உயிருக்காகப் படகில் குந்தியிருந்தார். நடுக்கடலில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று அவர்களை மீட்டது.

காப்பாற்றிய நாடே அவர்களை எதிரி நாட்டவர் என்று சொல்லிக் காவலில் வைத்தது. ‘ஐல் ஆஃப் மேன்’ தீவு முகாம்களில் இருவரும் தனித்தனியே அடைக்கப்பட்டார்கள். 1941 பிப்ரவரியில்தான் விடுதலை. அதே ஆண்டு திருமணம் செய்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டில் ஐசோடைப் இன்ஸ்டிடியூட் தொடங்கியது. இந்த முறை படங்கள் திரையிலும் நகர்ந்தன. ஆவணப்பட இயக்குநர் பால் ரோதாவுடன் சேர்ந்து உணவுப் பங்கீடு, வீட்டு வசதி பற்றிய படங்களுக்கு அசையும் விளக்கப்படங்கள் செய்தார்கள்.

மனிதர் எப்படிப்பட்டவர் என்று கேட்டால், பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. நண்பர்களுக்கு எழுதும் கடிதங்களில் கையெழுத்துக்குப் பதில் ஒரு யானை வரைவார். மனநிலைக்கு ஏற்றபடி யானையின் தும்பிக்கையும் நடையும் மாறும். அந்தக் காலத்து எமோஜி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1945 டிசம்பர் 22-ல் ஆக்ஸ்ஃபோர்டில் திடீரென்று இறந்தார். 63 வயது. இங்கிலாந்தின் பில்ஸ்டன் நகரில் சேரிகளை மாற்றி வீடு கட்டும் திட்டத்துக்கு அப்போது ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார். வீடில்லாத வியன்னாவில் தொடங்கிய வேலை சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நின்றது.

மரீ தொடர்ந்தார், மாற்றவும் செய்தார்

பல கட்டுரைகள் இங்கே முடிந்துவிடும். அது நியாயமில்லை. மரீ நொய்ராத் அடுத்த 25 ஆண்டுகளுக்கு இன்ஸ்டிடியூட்டை நடத்தினார். பூமிக்குள் என்ன இருக்கிறது, லண்டனுக்கு அடியில் ரயில் எப்படிப் போகிறது என்று குழந்தைகளுக்கான படப் புத்தகங்கள் வரிசையாக வந்தன. ஒரு பொருளை வெட்டி உள்ளே காட்டும் படங்கள், முன்பு-பின்பு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் படங்கள் என்று அறிவியல் பாடத்துக்கு ஏற்ற வடிவங்களை அவர் கண்டுபிடித்தார்.

1950-களில் மேற்கு நைஜீரியாவின் அரசுக்காகக் கல்வி, சுகாதாரம், கொக்கோ விவசாயம், வாக்களிப்பு பற்றிய பிரசுரங்கள் செய்தபோது மரீ நேரில் அங்கே போனார். வியன்னாவில் செதுக்கிய ஆட்களை அப்படியே கொண்டுபோய்ப் போட முடியாது என்பது தெரிந்தது. உடை வேறு, வீடு வேறு, வயல் வேறு. குறிகளை உள்ளூர் மக்களிடம் காட்டி, கேட்டு, மாற்றி வரைந்தார்கள். உலகம் முழுக்க ஒரே குறி என்ற கனவைக் கொஞ்சம் தளர்த்தியது மரீயின் அந்த அனுபவம்.

1971-ல் குழுவின் மொத்தச் சேகரிப்பையும் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். 1986-ல் காலமானார். ஹேக்கிலேயே தங்கிவிட்ட ஆர்ன்ட்ஸ் 1988-ல் இறந்தார்.

குறைகளும் உண்டு

1930 அட்லஸில் உலக மக்களை நிறத்தாலும் தலைப்பாகை, தொப்பி போன்ற அடையாளங்களாலும் பிரித்துக் காட்டிய படம் இன்று பார்த்தால் உறுத்தும். ஒரு கண்டத்தையே ஒரு தலையணியில் அடக்கிவிட்டார்கள்.

முழு எண்ணாக்குவதில் இன்னொரு சிக்கல். ஒரு குறி 10,000 பேர் என்றால் 3,000 பேரின் துயரம் படத்திலேயே வராது. சின்ன மாற்றங்களைக் காட்ட வேண்டிய இடத்தில், ஆயிரக்கணக்கான தரவுப் புள்ளிகள் இருக்கும் இடத்தில், சாதாரணக் கோட்டு வரைபடமே மேல்.

ஆனா அடிப்படை யோசனை பரிசோதனையில் தாக்குப்பிடித்திருக்கிறது. ஸ்டீவ் ஹரோஸ், ராபர்ட் கோசாரா, ஸ்டீவன் ஃபிராங்கனெரி ஆகிய ஆய்வாளர்கள் 2015-ல் ஐசோடைப் வகைப் படங்களைச் சோதித்துப் பார்த்தார்கள். எண்ணிக்கையைக் குறிக்கும் குறிகளாகப் படங்களை அடுக்கினால் பார்ப்பவர்களுக்கு நினைவில் வைக்க உதவுகிறது, கவனத்தையும் ஈர்க்கிறது. அலங்காரத்துக்காகப் பின்னணியில் சும்மா ஒட்டிய படங்கள் கவனத்தைச் சிதறடிக்கின்றன. நொய்ராத்தின் ஐந்தாவது விதியும் முதல் விதியும் பாஸ்.

அடுத்த ஸ்லைடு போடும் முன்

ஒரு பாடத்துக்கோ பிரசன்டேஷனுக்கோ படம் போட உட்காரும்போது, டெம்ப்ளேட்டைத் திறப்பதற்கு முன் ஒரு காகிதத்தில் மூன்று வரி எழுதிப் பாருங்கள். இதைப் பார்ப்பவர் யார்? எதை எதோடு அவர் ஒப்பிட வேண்டும்? முதல் பார்வையில் அவருக்குத் தெரிய வேண்டிய ஒரே விஷயம் எது? இதுதான் உருமாற்றுநர் வேலை. சாஃப்ட்வேர் இதைச் செய்து தராது.

மாஸ்கோ கதையை நினைத்து நான்காவதாக ஒரு வரியும் சேர்த்துக்கொள்ளலாம். இந்த எண்ணை எனக்குக் கொடுத்தது யார், எந்த எண்ணை அவர் கொடுக்கவில்லை?

அந்த வாசகரின் மெயிலுக்குப் பிறகு, எண்ணிக்கையைக் காட்டும் எங்கள் கார்டுகளில் நான் படங்களை இழுத்துப் பெரிசாக்குவதில்லை. ஒரே வீட்டை காப்பி பண்ணிப் பக்கத்தில் ஒட்டுகிறேன். கொஞ்சம் நேரம் கூடப் பிடிக்கிறது. ஸ்கேல் வைத்து அளந்தாலும் இப்போது கணக்கு சரியாக வருகிறது.